உட்கருவுக்கு வெளியே நின்ற நிறம்

திசு நோயியல் மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, உங்களில் மூன்று பேர் இதுவரை என்னிடம் பட்டியல் கேட்டுவிட்டீர்கள். எந்தக் காரணி நிறம் பிடித்தால் எந்த உறுப்பின் புற்று, எது பிடிக்காவிட்டால் எது இல்லை என்று ஒரே பக்கத்தில் எழுதித் தர முடியுமா என்று. முடியாது. அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, என்னிடம் இருப்பதைவிடப் புதிதாகவும் இருக்கிறது. அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் நான் என் வாழ்நாளின் மிக மோசமான ரிப்போர்ட்டை எழுதினேன். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்குச் சொல்லித்தர மட்டும் வந்து உட்காருகிறவளுக்கு இனிமேல் எந்தப் பதவி போய்விடப் போகிறது?

நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் பயாப்ஸி பார்த்தவள். பிறந்தது பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீட்டில். படிக்கப் போன இடத்தில் எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் நிறத்தைக் கண்டு மிரண்டார்கள், நான் மிரளவில்லை. இரண்டு ஸ்லைடைப் பக்கத்தில் வைத்தால் எதில் சாயம் ஒரு மாற்றுக் குறைவு என்று கண்ணை இடுக்காமலே சொல்வேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கர்வத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அது வேலையைக் காட்டுகிறது.

படியெடுத்தல் காரணிகளைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் இதை வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் உங்களுக்கே அது புரியவில்லை என்று அர்த்தம். நம் உடம்பில் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே ஜீன்கள். தறியில் நீளவாக்கில் ஓடுவது ஒரே பாவுதான், அதில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டை சொல்கிறது, அதனால் ஒரு சேலையில் மயில் வருகிறது, இன்னொன்றில் மாங்காய் வருகிறது. அந்த அட்டையின் வேலையைத்தான் இந்தக் காரணிகள் செய்கின்றன. உட்கருவுக்குள் போய் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, இந்த ஜீனைப் படி, அதை மூடு என்கின்றன. நுரையீரல் செல் கடைசிவரை நுரையீரலாக இருப்பது அவற்றால்தான். புற்று வந்து உருவம் குலைந்த பிறகும் பல செல்கள் பிறந்த இடத்துக் காரணியை விடுவதில்லை, அதை வைத்துத்தான் கட்டி எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கிறோம். இன்னொரு வகை இருக்கிறது. கருவின் முதல் நாட்களில் ஸ்டெம் செல்களை எந்த உறுப்பாகவும் ஆகவிடாமல், எதுவாகவும் ஆகக்கூடிய நிலையில் வைத்திருக்கும் காரணிகள். வளர்ந்த உடம்பில் அவை அடங்கியிருக்க வேண்டும். சில கட்டிகளில் மறுபடி விழித்துக்கொள்கின்றன. இந்த இரண்டாவது வகையை நான் நினைத்தே பார்க்காததுதான் இங்கே நடந்த தப்பு.

வைகாசி மாதம். வரதராஜருக்குப் பிரம்மோற்சவம். கருட சேவைக்கு மறுநாள் காலை, ஊர் முழுக்கத் தூக்கக் கண்ணோடு இருந்தது, எங்கள் ஆய்வகத்தில் பாதிப் பேர் வரவில்லை. என் மேசையில் இரண்டு நாள் வேலை குவிந்து கிடந்தது. அதற்கு நடுவில்தான் அந்தக் கழுத்து நெறிக்கட்டியின் ஸ்லைடுகள். இருபத்தாறு வயது இளைஞன், பெயர் இம்ரான். பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை. இடது கழுத்தெலும்புக்கு மேலே கட்டி, ஸ்கேனில் வயிற்றின் பின்பக்கத்திலும் மார்பின் நடுவிலும் நெறிக்கட்டிகள், நுரையீரலில் சில புள்ளிகள். படிவத்தில் 'நுரையீரலில் தொடங்கியதா?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குறிதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்ல மாட்டேன். கேள்வி கேட்பது அவர்கள் வேலை, தலையாட்டாமல் பார்ப்பது என் வேலை.

பத்து மணிக்குள் புற்றுநோய் மருத்துவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"மேடம், அந்த ஜரிகைக் கடை பையன் ரிப்போர்ட் இன்னிக்கே வேணும். வீட்டு ஜனம் எல்லாம் இங்கியே உக்காந்துக்கினு இருக்குது."

செல்கள் பெரிது பெரிதாக, முரட்டு உட்கருக்களோடு, எந்த உறுப்பின் சாயலும் இல்லாமல் இருந்தன. கெரட்டின் சாயம் பிடித்திருந்தது, ஆகவே உறுப்புகளின் உள்தோல் செல்களில் தொடங்கும் கார்சினோமா என்ற வகை. அடுத்தது நுரையீரல் காரணியான டிடிஎஃப்-1, அது இருந்தால் பழுப்பாகக் காட்டும் சாயம். லென்ஸுக்கு அடியில் வைத்ததுமே பழுப்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. "நல்லா ஏறியிருக்குதுபா" என்று எங்கள் டெக்னீஷியன் முனுசாமியிடம் சொன்னேன். அவர் தென்னேரிக்காரர், என் வயதுதான், என்னோடு சேர்ந்தே நரைத்தவர். "ஆமா மேடம்" என்றார். ஒரு நொடி நின்றார், பிறகு போய்விட்டார். அவர் நின்றதை நான் கவனித்தேன். ஏன் நின்றார் என்று கேட்கவில்லை. நுரையீரலில் தொடங்கிப் பரவிய புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடும்போதே எனக்கு உள்ளே ஏதோ அரித்தது. இருபத்தாறு வயது. என்னவோ ஒட்டவில்லை. அடுத்த ஸ்லைடை எடுத்தேன், அடுத்ததை எடுத்தேன், சாப்பிட்டேன், வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வீட்டில் இருந்தால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் போலிருந்தது, ஆய்வகத்தில் இருந்தால் வெளியே போய் ஒரு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. மூன்று நாளும் அந்த ஸ்லைடு என் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன தெரியும் என்று மனதுக்குத் தெரிந்திருக்கிறது போல.

இதற்குள் இம்ரான் வீட்டில் என்னென்னவோ நடந்துவிட்டது. நோய் முற்றிவிட்டது, மருந்து கொஞ்சம் நாளை நீட்டும், குணமாக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நுரையீரல் புற்று அந்த அளவுக்குப் பரவியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும், அவர் மேல் தப்பில்லை. இம்ரானுக்கு வாலாஜாபாத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குச் சேதி போனது, அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இம்ரான் மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

தேர் நாளன்று காலை பத்து மணிக்கு அவனுடைய அக்கா ஷமீம் ஆய்வகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்ததும் கடையைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் நிதானமாக இருந்தது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவை, நாம் பிளாக் என்கிறோமே அதை, வாங்கிப் போக வந்திருந்தார்.

"டாக்டரம்மா, அவன் பீடி சிகரெட்டு எதையும் தொட்டதில்ல. எப்டி நுரையீரல்ல வரும்?"

"தொடாதவங்களுக்கும் வருதும்மா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் என் வாயில் தயாராக இருந்தது.

"சரிங்க. மெட்ராசுக்கு எடுத்துக்கினு போய் காட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தபா காட்டுவீங்களா? நாங்க எந்தப் பொருளையும் பாக்காம வாங்கினதில்ல. இது என் தம்பி உசுரு, இத மட்டும் பாக்காம எப்டி வாங்கிக்கினு போறது?"

நோயாளியின் வீட்டார் ஸ்லைடைப் பார்க்கக் கேட்பது அபூர்வம். நான் மறுத்திருக்கலாம். எங்கள் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் வசதி இருந்தது. உட்கார வைத்தேன். டிடிஎஃப்-1 ஸ்லைடைப் போட்டேன், மூன்று நாள் கழித்து முதல் தடவையாக. அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தேன்.

"இதோ பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு செல். நடுவுல உருண்டையா தெரியுது பாருங்க, அதுதான் உட்கரு. இந்தக் காரணி வேலை செய்யற இடம் அதுதான். அது இருந்தா நிறம் அதுக்குள்ள..."

"எந்த உருண்டைங்க?"

"நடுவுல, நீலமா இருக்குதே."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜரிகைக் கடைக்காரி, சேலையின் உடல் நிறத்தையும் கரை நிறத்தையும் பிரித்துப் பார்த்தே பழகிய கண்.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன உருண்டை நீலமால்ல இருக்குது? பழுப்பு அதுக்குள்ள இல்லியே. சுத்தியில்ல இருக்குது?"

அவர் சொன்னது சரி. உட்கருக்கள் அத்தனையும் நீலமாகவே இருந்தன. பழுப்பு அவற்றுக்கு வெளியே, செல்லின் உடம்பில், பொடிப் பொடியாகப் படிந்திருந்தது. அது காரணியின் நிறம் இல்லை. சாயம் வழி தவறிப் போய் ஒட்டிக்கொண்ட நிறம். முதல் வருட மாணவி கண்டுபிடிக்கிற விஷயம். நான் பார்த்தது என்ன தெரியுமா? சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். சாயப்பட்டறை வீட்டுப் பெண் வேறு எதைப் பார்ப்பாள்? எங்கே ஏறியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

இப்போது நான் சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது. ரிப்போர்ட்டில் செய்த தவறு களைப்பில் வந்தது, கர்வத்தில் வந்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அடுத்து செய்ததற்கு அப்படிச் சமாதானம் எதுவும் கிடையாது.

"அது அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். நாக்குக்கு எலும்பில்லை என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

அவர் லென்ஸிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். "அப்போ மெட்ராசுக்கு எடுத்துக்கினு போணுமா டாக்டரம்மா?"

"உங்க இஷ்டம். அங்க போனாலும் இதத்தான் சொல்லுவாங்க."

இதையும் நான்தான் சொன்னேன். அவர் பிளாக் இருந்த சின்னப் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிப் போனார்.

பத்தரை மணி. அவர் வீட்டை நான் அடைந்தபோது மணி நாலரை. அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் அது இருக்காது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு நானே வக்கீல். ஏதோ ஒரு மூலையில் ஒரு உட்கருவாவது பழுப்பாக இருக்காதா என்று ஸ்லைடு முழுக்கத் தேடினேன். இல்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். வெளியே தேர் பார்க்கப் போகும் கூட்டம், பீப்பீ ஊதல், அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

முனுசாமியைக் கூப்பிட்டேன். ஸ்லைடைக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

"தெரியும் மேடம். ஒப்பிட்டுப் பாக்க கூடவே ஓட்டின நார்மல் நுரையீரல் துண்டுல நெறம் உள்ள நின்னுது. இவரோடதுல சுத்தி நின்னுது. அன்னிக்கே சொல்லலாம்னுதான் நின்னேன்."

"ஏன்பா சொல்லல?"

"நீங்க நல்லா ஏறியிருக்குதுன்னுட்டீங்க. சாயக்காரர் வூட்டுப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு உட்டுட்டேன்."

அவர் மேல் கோபம் பொங்கியது. கத்தியும் விட்டேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன், என் கண்ணை மெச்சி மெச்சி என் முன்னால் யாரும் வாய் திறக்காதபடி இருபது வருடம் வளர்த்தது நான்தானே. இன்றைக்கு உங்களில் யாராவது என் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி தயங்கி நின்றால், நீங்கள் சொல்லி முடிக்கும்வரை உங்களை விடுவதில்லை. அது எரிச்சலாக இருக்கிறது என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

பிறகு கெரட்டின் ஸ்லைடை மறுபடி போட்டு, பெயரும் படிவமும் இல்லாததுபோல் பார்த்தேன். இளம் ஆண். உடம்பின் நடுக்கோட்டை ஒட்டிக் கட்டிகள். எந்த உறுப்பின் முகமும் இல்லாத செல்கள். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை ஒருவர் ஓயாமல் ஒன்று சொல்வார், கேட்டுக் கேட்டு நாங்கள் கேலி செய்வோம். குணமாகாத நோயின் பெயரை எழுதும் முன், குணமாகக்கூடிய ஒன்றை விலக்கினாயா என்று உன்னையே கேள் என்பார். நான் கேட்கவில்லை. இது விதைப்பையில் தொடங்கும் கரு வகைக் கட்டியாக இருக்கலாம். அந்தச் செல்களில்தான் ஸ்டெம் செல்லின் காரணி, ஆக்ட்-4, மறுபடி விழித்துக்கொள்கிறது. நுரையீரல் வரை பரவியிருந்தாலும் சரியான மருந்துக்குக் கரைந்து போகக்கூடிய அபூர்வமான வகை. நான் எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு பையனின் முழு ஆயுசு இருந்தது.

ஆக்ட்-4 சாயம் எங்களிடம் இல்லை. பிளாக் ஷமீமின் கைப்பையில். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மருத்துவருக்குச் செய்தேன். சந்தேகத்தைச் சொன்னேன்.

"விதைப்பையப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஃபுல்லா அக்கா கூடவே இருந்தாங்க மேடம். அவரும் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், இன்னிக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லணுமா? வேற சாயம் போட்டுப் பாத்து, ஒரு வாரம் கழிச்சு திருத்தின ரிப்போர்ட்டா குடுத்துடலாம். தப்புன்னே தெரியாது. நம்ம ரெண்டு பேர் பேரும் கெடாது" என்றார்.

நல்ல பையன்தான் அவர், பயத்தில் சொன்னார். எனக்கும் அது இனித்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். ஒரு மணி நேரம் அந்த யோசனையை மனதில் உருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டுக்கொண்டேன். இந்த வகைக் கட்டி ஒரு வாரத்தில் எவ்வளவு வளரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு, அந்தப் பையன் மருந்தே வேண்டாம் என்றிருக்கிறான், அந்த அம்மாளிடம் நான் மெட்ராஸுக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எதற்காக ஒரு வாரம் கழித்து என் வாசலுக்கு வரப் போகிறார்கள்?

"முனுசாமி, வண்டிய எடு" என்றேன்.

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். பெரிய காஞ்சிபுரத்துக்குள் போகவே முடியவில்லை. தேர் நடுத்தெருவில், இரண்டு பக்கமும் ஜனம், போலீஸ்காரர் கயிறு கட்டி மறித்திருந்தார். வண்டியை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு நடந்தோம். எதிரே வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று அறுந்து, வேர்வையில் நனைந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று நான்கைந்து விதமாக வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் எனக்கு ஒரு சின்னச் சந்து வைத்திருந்தேன், தப்பித்துப் போக.

கூடத்தில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஷமீம் வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"ஷமீம்மா, நீங்க பாத்ததுதான் சரி. நிறம் உள்ள இல்ல. நான் ரிப்போர்ட்ட தப்பா எழுதிட்டேன். காலைல உங்க கிட்ட பொய்யும் சொல்லிட்டேன்."

கூடத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "என்னாம்மா சொல்றீங்க, மூணு நாளா இங்க எழவு வூடு மாதிரி இருக்குது, இப்போ வந்து தப்புன்றீங்க?" என்று சத்தம் போட்டார். அவர் கத்தியது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஷமீம் அவரைக் கையமர்த்தினார். "மாமு, இருங்க. அவுங்க சொல்லட்டும்."

இம்ரானிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாட்டசாட்டமான பையன், கழுத்தில் கட்டு. கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன். விதைப்பையில் வீக்கம், கனம், ஏதாவது உண்டா? அவன் சுவரைப் பார்த்தான்.

"தம்பி, நான் டாக்டர். எனக்கு இதுல வெக்கம் கெடயாது. உனக்கும் இன்னிக்கு வேணாம்."

"ஆறேழு மாசமா இருக்குதுங்க" என்றான் மெதுவாக. "வலி ஒண்ணும் இல்ல. அதான் உட்டுட்டேன். டாக்டர் கிட்ட போனப்பல்லாம் ஆபா கூடவே இருந்துச்சு. ஆபா எதிர்ல எப்டிங்க சொல்றது?"

ஆபா என்பது அவர்கள் வீட்டில் அக்கா. தாயைப்போல் வளர்த்த அக்கா ஒரு நிமிடமும் விட்டுப் பிரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், அந்தப் பையன் உயிரைக் காக்கிற ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறான். அன்பு இப்படியும் வழி மறிக்கும் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. நோயாளியைத் தனியாகப் பார்த்தீர்களா என்று இப்போது படிவத்தில் கேட்கிறேனே, அது இவனால் வந்தது.

"மருந்துல இது குணமாவ வாய்ப்பு இருக்குது தம்பி" என்றேன். "உறுதி சொல்ல மாட்டேன். ஏற்கெனவே உறுதியா ஒண்ணு எழுதி உன்னக் கெடுத்தேன். சோதனை முடியட்டும்."

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்து அழுதான்.

மறுநாள் காலை பிளாக் சென்னைக்குப் போனது, நானே எடுத்துப் போனேன். அங்கே ஆக்ட்-4 போட்டார்கள். நிறம் உட்கருக்களுக்குள் நின்றது, ஒன்று விடாமல். சுற்றிலும் சுத்தம். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் உங்களுக்கு விநோதமாக இருக்கும், புற்றைப் பார்த்துச் சந்தோஷமா என்று. வந்தது. ரத்தச் சோதனைகளும் அதையே சொல்லின. திருத்திய ரிப்போர்ட்டில் முதல் ரிப்போர்ட் தவறு என்றும், எதனால் தவறு என்றும் எழுதினேன். பழையதைக் கோப்பிலிருந்து எடுக்க விடவில்லை. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டது, என் பெயர் ஊரில் கொஞ்ச நாள் அடிபட்டது. பிழைத்துக்கொண்டேன்.

வைத்தியம் எளிதாக இல்லை. பின்னாளில் பிள்ளை வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று விந்தைச் சேமித்து வைத்துவிட்டு மருந்தைத் தொடங்கினார்கள். முடி போனது, வாய் புண்ணானது, காதில் இரைச்சல் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கழுத்திலும் நுரையீரலிலும் இருந்தவை கரைந்தன. வயிற்றின் பின்னால் ஒன்று மட்டும் கரையாமல் நின்றது. அதை அறுத்து எடுத்து, என் மேசைக்கே அனுப்பினார்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்று ஷமீம் சொன்னாராம்.

அந்தக் கட்டியில் நான் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு மூலையில் குருத்தெலும்பு, ஒரு மூலையில் குடலின் சுரப்பிகள், நடுவில் மூச்சுக்குழலின் உட்தோல், அதன் மேல் மெல்லிய முடிகள்கூட இருந்தன. எதுவாகவும் ஆகாமல் பெருகிக்கொண்டிருந்த செல்களை மருந்து அழித்துவிட்டது, ஏதோ ஒன்றாக ஆகிவிட்டவை மட்டும் மிஞ்சி நின்றன. அதற்குள் நாங்களும் வாங்கி வைத்திருந்த ஆக்ட்-4 சாயத்தைப் போட்டுப் பார்த்தேன், எங்கேயும் இல்லை, அது மறுபடி அடங்கிவிட்டது. குடல் சுரப்பிகளில் குடலின் காரணி இருந்தது. உட்கருவுக்குள்தான் இருந்தது. மூன்று தடவை பார்த்தேன், முனுசாமியை விட்டு மூன்று தடவை பார்க்கச் சொன்னேன். இதே மாதிரி எல்லாக் கதையும் முடிவதில்லை, அதை நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். இவன் பிழைத்தான். அந்த வாலாஜாபாத் கல்யாணம் மட்டும் பிறகு நடக்கவே இல்லை. திருத்திய ரிப்போர்ட் எழுதலாம், அந்தப் பெண் வீட்டுக்குப் போன சேதியைத் திருப்பி வாங்க முடியாது. அது என் கையெழுத்தால் ஆனது.

அந்தக் கடைசி ரிப்போர்ட்டை வாங்க ஷமீம் வந்தபோது உட்கார வைத்து டீ வரவழைத்தேன். அவரிடம் ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்போ ஏன் எடுக்கலம்மா?"

"எடுக்கக் கூடாதுன்னுதான் எடுக்கல டாக்டரம்மா. அது அப்டித்தான் இருக்கும்னு நீங்க சொன்னப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். ஏதோ சரியில்லன்னு பட்டுது. போன்ல பேசினா எத வேணாலும் சொல்லிடலாம் இல்லியா? நேர்ல வராங்களா பாக்கலாம்னு வாசல்லயே நாக்காலியப் போட்டு உக்காந்துக்கினு இருந்தேன்."

"நான் வரலன்னா?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்துச் சொன்னார்.

"வெளக்கு வெக்கற வரைக்கும் பாத்திருப்பேன். அப்பவும் வரலன்னா, என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சிக்கினு உங்கள நம்பிட்டிருப்பேன் டாக்டரம்மா."